வட்டக்கோட்டையிலிருந்து பம்பாய் எவ்வளவு தூரம்?

சித்தப்பா தவறினப்ப மும்பையிலிருந்து தம்பி வரணும். "ரெண்டு மணி நேரத்துல இறங்கிருவேண்ணே"ன்னான். இறங்கவும் செஞ்சான், திருவனந்தபுரத்துல. அங்கிருந்து களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில்னு நெரிசல் ஒவ்வொண்ணா தாண்டி, வட்டக்கோட்டைக்குப் பக்கத்துல இருக்கிற வீட்டுக்கு வந்து சேர மூணு மணி நேரம். அதுவரைக்கும் யாரும் எடுக்க விடலை.

காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு சும்மா உக்காந்து கணக்குப் போட்டேன். மும்பைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வான்வழி தூரம் சுமார் 1,250 கி.மீ. அங்கிருந்து நம்ம கோட்டைக்கு நேர்கோட்டில் 80 கி.மீ. சொச்சம்தான். பெரிய தூரத்துக்கு ரெண்டு மணி, சின்ன தூரத்துக்கு மூணு மணி!

இந்த வழி இன்னைக்கு நேத்து வந்ததில்லை. 1935 அக்டோபர் 29 அன்று டாடா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரம் வந்து இறங்கியது. சித்திரைத் திருநாள் மகாராஜாவுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தும் அதில் வந்தது. மரச்சட்டமும் துணியுமான ஒற்றை எஞ்சின் விமானம் அது. பயணிகளுக்கு முன்னால் மூடிய சின்ன அறை. ஓட்டுபவர் பின்னால் திறந்த இருக்கையில் காற்று வாங்கிக்கொண்டே வரணும். பயண வேகம் மணிக்கு சுமார் 150 கி.மீ.தான். அப்போ எங்கேயும் நிற்காமல் பறந்தாலே எட்டு மணி நேரத்துக்கு மேல். கோவா, கண்ணனூர் என்று நின்று வருகிற வழியாச்சே, இன்னும் கூடும்.

எங்க பக்கத்தில் அப்போ ரயிலே கிடையாது. நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் வந்தது 1979ல். அதாவது தலைநகரத்துக்கு விமானம் வந்து 44 வருஷம் கழிச்சு :-) ரயில் வந்த பிறகும் ஜெயந்தி ஜனதாவில் பம்பாய் போக ரெண்டு ராத்திரி ஆச்சு.

"தலைநகரம்"னு சொன்னேன் இல்லையா, விஷயமே அதுலதான் இருக்கு. 1741ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாயை வைத்து வட்டக்கோட்டையைப் பலப்படுத்தியது திருவிதாங்கூர். விமானத்தை இறக்கியதும் அதே திருவிதாங்கூர்தான். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு அப்போ அது சொந்த ஊர் விமான நிலையம். திருவிதாங்கூர் அஞ்சல் தபால்களை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கு முதல் விமானம் கிளம்பியது 1935 நவம்பர் 1.

சரியா 21 வருஷம் கழிச்சு, 1956ல் அதே நவம்பர் 1 அன்று, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சேர்ந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதுக்காக உயிரைக் கொடுத்தவங்க ஊரு இது. ஆனா விமான நிலையம் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்னுபோச்சு.

தூத்துக்குடிக்கு 1992ல் ஒரு விமான நிலையம் வந்தது. வாகைக்குளத்துக்கும் கோட்டையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய அதே 80 சொச்சம்தான். ஆக, ரெண்டுக்கும் நட்ட நடுவுல நாங்க. தம்பிக்கு அந்த ராத்திரி கிடைச்சது திருவனந்தபுரம்.

"ஃப்ளைட்டுல தூங்கிட்டேண்ணே, களியக்காவிளைக்கு அப்புறம்தான் அழுகை வந்துச்சு"ன்னான்.