சுரங்க ஊரில் ஒரு பேஸ்பால் மைதானம்: 1,200 தொழிலாளர்கள் அங்கே ஏன் அடைக்கப்பட்டார்கள்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் மலையூர் பிஸ்பீ. செம்புச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். அங்குள்ள வாரன் பேஸ்பால் மைதானம் 1909-ல் கட்டப்பட்டது. பாஸ்டனின் புகழ்பெற்ற ஃபென்வே பார்க் 1912-ல்தான் திறந்தது, சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் 1914-ல். பெருநகரங்களுக்கு முன்பே ஒரு சுரங்க ஊர் ஏன் மைதானம் கட்டியது?

காரணம் சிம்பிள்தான். கட்டியது சுரங்கக் கம்பெனி.

கம்பெனிக்கு பேஸ்பால் எதுக்கு?

சுரங்க வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், கல்யாணமாகாதவர்கள், பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். நேற்று வந்தவர் நாளைக்கு வேறு ஊர் சுரங்கத்துக்குப் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சாராயக்கடை. அதை விட்டால் சங்கக் கூட்டம். கம்பெனிக்கு இரண்டுமே தலைவலி. ஒரு டீம், ஒரு மைதானம் இருந்தால் ஆட்களுக்கு ஊர்மேல் ஒட்டுதல் வரும் என்று நிர்வாகங்கள் கணக்குப் போட்டன.

நல்லா ஆடுறவருக்கு வேலையும் கிடைத்தது, அதுவும் பெரும்பாலும் சுரங்கத்துக்கு வெளியே, உயிருக்கு ஆபத்து குறைவான வேலை. நம்ம ஊர் ரயில்வே, வங்கிகளின் ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும்.

1917 ஜூலை 12-ல் என்ன நடந்தது?

முதல் உலகப் போரால் செம்பு விலை ஏறியிருந்தது. ஜூன் கடைசியில் பிஸ்பீ தொழிலாளர்கள் ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தொழிற்சங்கத்தின் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெடி வைக்காதே என்பது கோரிக்கைகளில் ஒன்று. இதைக் கேட்கவே போராட வேண்டியிருந்தது என்றால் மற்றதை நீங்களே ஊகிக்கலாம்.

ஜூலை 12 விடிகாலையில் ஷெரிஃப் ஹாரி வீலர், ஊர்க்காரர்கள் சுமார் 2,000 பேருக்குக் காவல் அதிகாரம் கொடுத்து, ஆயுதங்களுடன் வீடு வீடாக அனுப்பினார். போராடியவர்களையும், அவர்களுக்கு ஆதரவானவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களையும் பிடித்தார்கள். மெக்சிகோக்காரர்களும் கிழக்கு ஐரோப்பியர்களும் அதில் நிறைய. அத்தனை பேரையும் நடக்கவைத்துக் கொண்டுபோய் அடைத்த இடம், வாரன் பேஸ்பால் மைதானம். அவ்வளவு கூட்டத்தை வேலிக்குள் வைத்துக் காவல் காக்க ஊரில் வேறு தோதான இடம் ஏது?

'போராட்டத்தை விட்டுட்டு வேலைக்குத் திரும்புறியா?' என்று அங்கே கேட்டார்கள். சரி என்றவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். மீதி சுமார் 1,200 பேரை மாட்டுச் சாணம் கிடந்த சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் இறக்கிவிட்டார்கள். விஷயம் வெளியே போகாமலிருக்க தந்தி, தொலைபேசித் தொடர்புகளும் கட்டுப்படுத்தப்பட்டன.

அதிபர் வில்சன் அமைத்த ஆணையம், நடந்தது சட்டவிரோதம் என்றது. ஆனால் இதைத் தண்டிக்க மத்திய சட்டத்தில் இடமில்லை என்று 1920-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. கடைசிவரை யாருக்கும் தண்டனை இல்லை.

பிறகும் அங்கே ஆட்டம் நடந்ததா?

நடந்தது. 1920-களில் இன்னும் விறுவிறுப்பாகவே. அரிசோனா, நியூ மெக்சிகோ சுரங்க ஊர்களும் எல்லை ஊர்களும் சேர்ந்து 'காப்பர் லீக்' நடத்தின. அங்கீகரிக்கப்பட்ட பேஸ்பால் அமைப்புக்கு வெளியே இயங்கியதால் இதை 'அவுட்லா லீக்' என்பார்கள். அங்கே தடைபட்ட ஆட்டக்காரர்களும் ஆடலாம்!

1919 உலகத் தொடர் மோசடியில் வாழ்நாள் தடை பெற்ற சிகாகோ வீரர்கள் பக் வீவர், சிக் கேண்டில், லெஃப்டி வில்லியம்ஸ் மூவரும் இங்கே வந்தார்கள். சூதாட்டப் புகார்களால் ஒதுக்கப்பட்ட ஹால் சேஸும் வந்தார். சேஸும் வீவரும் ஆடியது பிஸ்பீக்குப் பக்கத்தில், செம்பு உருக்காலைகள் இருந்த டக்ளஸ் ஊருக்காக. நாடே ஒதுக்கிய நட்சத்திரங்களைச் சுரங்க ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். வீவர் விஷயம்தான் கொஞ்சம் மனதை உறுத்தும். மோசடி நடப்பது தெரியும், ஆனால் தான் பணம் வாங்கவில்லை என்று 1956-ல் சாகும்வரை தடையை நீக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். இறந்தவர்களுக்குத் தடை பொருந்தாது என்று மேஜர் லீக் முடிவெடுத்தது 2025 மே மாதத்தில்.

1928-ல் பிஸ்பீ முறையான மைனர் லீக்குக்குள் நுழைந்தது. மைனர் லீக் என்றால் மேஜர் லீக்குக்குக் கீழே படிப்படியாக அமைந்த தொழில்முறைப் போட்டிகள். பிஸ்பீ ஆடிய அரிசோனா ஸ்டேட் லீக் அதில் கடைசிப் படியான 'டி' பிரிவு.

சுரங்கங்கள் 1970-களில் மூடப்பட்டன. மைதானம் மட்டும் இருக்கிறது. நாட்டின் மிகப் பழைய பேஸ்பால் மைதானங்களில் ஒன்று இது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அலபாமாவின் பர்மிங்ஹாமில், 1910-ல் திறந்த ரிக்வுட் ஃபீல்ட் இருக்கிறது. அந்தப் பெருமையை அவர்களும் லேசில் விடுவதாக இல்லை. பர்மிங்ஹாமும் நிலக்கரி, இரும்பால் வளர்ந்த ஊர்தான்.