தவப் பூனையின் தோல்

நாற்பது வருஷம் மாமல்லபுரத்தில் உளி பிடித்தவன் நான். அங்குள்ள அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்தில் நிற்கும் பூனையைச் சின்னதும் பெரிதுமாக எத்தனையோ தடவை செய்து கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பூனை எனக்குச் சரியாகப் பிடிபட்டது கனடாவில், டொரோண்டோவில் என் மகள் வீட்டில்தான்.

அவள் வளர்ப்பது ஸ்பிங்ஸ் பூனை. உடம்பில் மயிர் கிடையாது. முதல் நாள் பார்த்ததும் ஏதோ சீக்கு என்று பயந்து, "டாக்டர்கிட்ட காட்டினியாம்மா?" என்றேன். "பிறவியே இப்படித்தான்ப்பா" என்றாள். 1966-இல் அதே டொரோண்டோவில் ஒரு சாதாரண வீட்டுப் பூனை போட்ட குட்டிகளில் ஒன்று மயிரில்லாமல் பிறந்ததாம். அதற்குப் புரூன் என்று பெயர் வைத்தார்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் இதற்கான மரபணு வந்தால்தான் குட்டி இப்படிப் பிறக்கும்.

மகளின் பூனை என் மடியேறிப் படுத்தது. வயிற்றுச் சூடு வேட்டியைத் தாண்டி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். தோள்பட்டை எங்கே கழுத்தோடு சேருகிறது, முன்னங்காலைத் தூக்கினால் அக்குள் தோல் எப்படி இழுபடுகிறது என்பதெல்லாம் விரலுக்குத் தெரிந்தது. அப்போதுதான் ஊர்ப் பாறை நினைவுக்கு வந்தது. அங்கே பெரிய யானையின் தந்தத்தருகில், முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூனை தவம் செய்கிறது. எலிகள் அதை நம்பி நிற்கின்றன. நான் செய்த பூனைகளுக்கெல்லாம் கூர் உளியால் கோடு கோடாக மயிர் போட்டேன். 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி மயிரை நாடவில்லை. மயிருக்குள் இருக்கும் பூனையைச் செய்துவிட்டான்.

கதை பழையது. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் துரியோதனன், உலூகன் என்ற தூதன் மூலம் தருமனை இடித்துரைக்கச் சொல்லி அனுப்பும் கதை இது. கங்கைக் கரையில் கை தூக்கித் தவமிருந்த பூனை, நம்பி வந்த எலிகளைத் தின்று கொழுத்தது. நாம் 'உருத்திராட்சப் பூனை' என்று சொல்வது இந்த ஜாதியைத்தான். பாறையில் தவமிருப்பவன் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பூனை இரண்டுக்கும் பொருந்துகிறது. அர்ச்சுனன் என்றால், அது எதிரி வாயிலிருந்து வந்த ஏச்சு. பகீரதன் என்றால், பாறைப் பிளவில் இறங்குகிற அதே கங்கையின் கரைப் பூனை. ஆனால் அதை வெறும் கேலி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. கேலிக்காக மட்டும் செய்தவன் ஒரு பிராணியின் உடம்பை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்க மாட்டான்.

மகள் வாரா வாரம் பூனையைக் குளிப்பாட்டுவாள். தோலில் ஊறும் எண்ணெயை வாங்கிக்கொள்ள மயிர் இல்லாததால் அது பிசுபிசுவென்று படிந்து, படுத்த துணியில் பழுப்புக் கறை விழும். காதிலும் அழுக்குச் சேரும். நனைத்த பஞ்சால் துடைப்பாள். குளிருக்குச் சட்டை. உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறுவதால் மற்றப் பூனைகளைவிடக் கூடுதலாகச் சாப்பிடும். இதயத் தசை தடிக்கும் நோய் இந்த இனத்தில் வருவதுண்டு என்பதால், ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வெயிலில் தோல் வெந்துவிடும். நம் செங்கல்பட்டுச் சித்திரை வெயிலுக்கு இதைக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். முடியாது என்றால் வாங்கவே வேண்டாம்.

ஊர் திரும்பியதும் பட்டறையில் ஒரு பூனை செய்தேன், மயிர்க்கோடு போடாமல். அக்குள் தோல் இழுபடும் இடத்துக்கே நான்கு நாள் ஆனது. பல்லவச் சிற்பி அதைப் பாறை முகத்திலேயே, தவறினால் மாற்றுக் கல் இல்லாத இடத்தில் செய்திருக்கிறான்.

மாமல்லபுரம் வருகிறவர்கள் பெரும்பாலும் யானை முன்னால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். சிற்பம் கிழக்குப் பார்த்தது. காலையில் வந்தால் வெயில் நேராக விழும். தந்தத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள். பூனை அங்கேதான் நிற்கிறது.