அப்பா கையில் ஒரு சென்சார்: சுகரைக் கண்ணால் பார்த்த கதை

இந்த வாரம் நம்ம வரலாறு எங்க வீட்டுல இருந்தே ஆரம்பிக்குது.

போன வருஷம், ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. நான் பெங்களூருல என் ரூம்ல இருக்கேன். போன் அலறுது. மதுரைல இருக்கிற எங்க அப்பாவோட சுகர் 286. பக்கத்துல இருக்கிற அம்புக்குறி இன்னும் மேலே போகும்னு காட்டுது. உடனே கூப்பிட்டேன்.

"அப்பா, இப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லத்தா. சும்மா விளக்குத்தூண் பக்கம் வந்தேன்."

ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்குத்தூண் பக்கம் ஒருத்தர் எதுக்குப் போவார்னு மதுரைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜிகர்தண்டா. நான் ஆரம்பிச்சேன். அவர் முடிச்சார்: "ஏத்தா, நீ எனக்கு மகளா, போலீஸா?" மறுநாள் காலைல கையில ஒட்டியிருந்த சென்சாரைப் பிச்சு எடுத்துட்டார். 14 நாள் உழைக்க வேண்டியது, நாலே நாள்ல குப்பைக்குப் போச்சு.

ரொம்பக் கோபம் வந்தது. அப்புறம்தான் ஒரு கேள்வி வந்தது. ஒருத்தர் உடம்புக்குள்ள இருக்கிற சர்க்கரை, 400 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருக்கிற இன்னொருத்தர் போனுக்கு எப்படி வந்து சேர்ந்தது? இந்த நம்பர் முதல்ல யார் கையில இருந்தது?

இதுக்கு எங்க அப்பத்தா வீட்டு அடுப்படிக்குப் போகணும். உசிலம்பட்டிப் பக்கம், 1980-களின் கடைசி. அப்பத்தாவுக்கு சர்க்கரை வியாதின்னு தெரிஞ்சதும் தாத்தா ஒரு டெஸ்ட் டியூபும் ஒரு பாட்டில் நீலத் தண்ணியும் வாங்கிட்டு வந்தார். அதுதான் பெனடிக்ட் கரைசல். அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் 1908 வாக்கில் உருவாக்கியது. அஞ்சு மில்லி கரைசல்ல எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுச் சூடு பண்ணணும். நீலமாவே இருந்தா நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சுன்னு ஏற ஏற கவலை. செங்கல் நிறம் வந்தா அன்னைக்கு வீட்டுல யாரும் சத்தமாப் பேச மாட்டாங்களாம்.

இதுல ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ரத்தத்துல சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினாத்தான் பெரும்பாலானவங்களுக்கு அது சிறுநீர்ல இறங்கும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தின நிலவரம். சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வந்தாலும் டியூப் நீலமாத்தான் நிக்கும். ரத்தத்துல எவ்வளவுன்னு தெரியணும்னா பஸ் ஏறி டவுனுக்குப் போகணும். அது மாசம் ஒரு தடவை, சில சமயம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. இடைப்பட்ட நாளெல்லாம் இருட்டு.

வீட்டிலேயே ரத்தத்தைப் பார்க்கும் வழி அதுக்கு ரொம்ப முன்னாடியே உலகத்துல வந்திருந்தது. 1970-ல் அமெரிக்காவில் ஏம்ஸ் கம்பெனி ஒரு மீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல. அதை டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும்தான் வித்தாங்க. சின்ன வயசுல இருந்தே சர்க்கரை நோயோட வாழ்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன்ங்கிற இன்ஜினியருக்கு அது வேணும். அவர் மனைவி டாக்டர். அதனால மனைவி பேர்ல வாங்கினார். தினமும் பல தடவை தன் ரத்தத்தைத் தானே சோதிச்சு, எந்தச் சாப்பாடு என்ன பண்ணுதுன்னு எழுதி வெச்சார். மருத்துவ இதழ்கள் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. கடைசியில் 45 வயசுல மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டராவே ஆயிட்டார். நோயாளி தன் நம்பரைத் தானே பார்க்கலாம்ங்கிற உரிமை இப்படித்தான், சண்டை போட்டு வந்தது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சார். ஆனா நோயாளி டாக்டரைத் தேடிப் போகணும்ங்கிறது ரொம்ப காலத்துக்கு மாறவே இல்லை. அதைத் திருப்பிப் போட்ட முயற்சிகள்ல ஒண்ணு, 2000-களில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேடுல நடந்தது. டாக்டர் வி. மோகனின் சென்னை ஆராய்ச்சி நிறுவனம், இஸ்ரோவின் சாட்டிலைட் இணைப்போட ஒரு வேனை அனுப்பியது. உள்ளே ரெட்டினா கேமரா, இசிஜி, கால் நரம்பைச் சோதிக்கும் கருவி. 42 கிராமங்கள்ல 23,449 பேரைப் பரிசோதிச்சாங்க. கண் படம் சாட்டிலைட் வழியா சென்னைக்குப் போகும், டாக்டர் அங்கிருந்தே பார்ப்பார்.

கண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? எங்க அப்பத்தாவைக் கேட்டிருந்தாத் தெரியும். அவங்களுக்கு ஒரு கண் வலியே இல்லாம போச்சு. சர்க்கரை விழித்திரை ரத்தக் குழாய்களை மெதுவா கெடுக்கும். பார்வை மங்குற வரைக்கும் பல பேருக்குத் தெரியவே தெரியாது. அவங்களைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்ப நேரம் கடந்திருந்தது.

இந்த இடத்துல மதுரைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. 1976-ல் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் மருத்துவமனை, 2000-களின் நடுவில் தேனிப் பக்கத்துச் சின்ன ஊர்கள்ல விஷன் சென்டர் திறந்தது. பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வைஃபை சிக்னலைப் பல கிலோமீட்டர் தூரம் அனுப்பும் வழியை அங்கே அமைச்சுக் கொடுத்தாங்க. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பொண்ணு கண்ணைப் பரிசோதிப்பார், தேனி ஆஸ்பத்திரி டாக்டர் திரையில பேசுவார். பஸ் கூலி மிச்சம், ஒருநாள் கூலியும் மிச்சம். அப்புறம் 2016-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள், 1,28,175 விழித்திரைப் படங்களை வெச்சு கம்ப்யூட்டருக்கு இந்தப் பாதிப்பைக் கண்டுபிடிக்கக் கத்துக்கொடுத்ததா ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. இந்திய நோயாளிகளின் படங்களும் அதுல உண்டு. 2019-ல் அதே தொழில்நுட்பம் மதுரை அரவிந்த்ல நிஜ நோயாளிகளுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது.

இதெல்லாம் பெரிய மெஷின். எனக்குப் பிடிச்ச உதாரணம் ரொம்பச் சின்னது, சாதாரண எஸ்எம்எஸ். சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய் வரும் நிலையில இருந்த 537 ஆண்களை ரெண்டு வருஷம் கவனிச்சது. ஒரு பாதிக்கு வழக்கமான அறிவுரை. இன்னொரு பாதிக்கு அதோட, அவங்க அவங்க நிலைமைக்கு ஏத்த மாதிரி சாப்பாடு, நடை பத்தி எஸ்எம்எஸ். 2013-ல் முடிவு வந்தது. அறிவுரை மட்டும் கேட்டவங்கள்ல 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. எஸ்எம்எஸ் வந்தவங்கள்ல 18 சதவீதம்.

அதைப் படிச்சப்ப சுருக்னு இருந்தது. அந்த எஸ்எம்எஸ் எதுவும் "இப்ப என்ன சாப்பிட்டீங்க?"ன்னு விசாரணை பண்ணியிருக்காது. நான் அனுப்பினதெல்லாம் அதுதான்.

இன்னொண்ணும் சொல்லணும். அப்பா மாட்டியிருந்த சென்சார், தோலுக்கு அடியில இருக்கிற திரவத்துல சர்க்கரையை அளக்குது. ரத்தத்தைவிடச் சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். ஒண்ணோட விலை சில ஆயிரம் ரூபாய். மாசத்துக்கு ரெண்டு வேணும். வாடிப்பட்டியில் கூலி வேலைக்குப் போற ஒரு அம்மாவுக்கு இது ஆகுமா? ஆகாது. அவங்களைத் தேடி வந்தது வேற ஒண்ணு. 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம். ஊருக்குத் தெரிஞ்ச ஒரு தன்னார்வலர் குளுக்கோமீட்டரும் பிபி மெஷினும் எடுத்துட்டு வீட்டுக்கே வர்றார், மாத்திரையும் வருது. அவர் திண்ணையில உட்கார்ந்து பேசிட்டுத்தான் போவார். என் போன் அலாரம் அதைச் செய்யலை.

அதனால போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட ஒரு ஒப்பந்தம் போட்டேன். ஏறுற சுகர் அவருக்கு மட்டும். எனக்கு வர்ற அலாரம் ஒண்ணே ஒண்ணு: 70-க்குக் கீழே இறங்கினா மட்டும். ஏன்னா அது உடனே ஆபத்து, அப்ப யாராவது கூப்பிட்டே ஆகணும். மாத்திரையை டாக்டரைக் கேட்காம மாத்தக் கூடாது. சென்சாரும் எப்பவும் வேண்டாம், மூணு மாசத்துக்கு ஒண்ணு போதும். மிச்ச நாள் விரல் நுனி, ஸ்ட்ரிப். அப்பா ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, "ஜிகர்தண்டா?"ன்னு கேட்டார். "அது உங்க கணக்குப்பா"ன்னேன்.

இப்ப அவர் ஒரு பழைய டைரியில எழுதுறார், கிட்டத்தட்ட பெர்ன்ஸ்டைன் மாதிரியே. போன வாரம் நான் கேட்காமலேயே ஒரு போட்டோ வந்தது. அவர் கையெழுத்து: "நாலு இட்லி, உக்காந்து பேப்பர் படிச்சேன், 214. மூணு இட்லி, ரேஸ்கோர்ஸ்ல அரை மணி நடை, 168." கீழே ஒரு வரி: "போலீஸுக்குத் தகவலுக்காக."

உங்க வீட்டுலயும் சுகர் இருக்கிறவங்க இருந்தா, இந்த வாரம் நம்பரைக் கேட்காதீங்க. கடைசியா கண்ணோட விழித்திரையை எப்பப் பார்த்தாங்கன்னு மட்டும் கேளுங்க. ஒரு வருஷம் தாண்டியிருந்தா, கூடப் போய்ட்டு வாங்க. எங்க அப்பத்தாவுக்கு அப்படிக் கேட்க யாரும் இல்லை.

அடுத்த வாரம் பார்ப்போம்.