1957-இல் வந்த காய்ச்சலும் அக்கா போடாத ஊசியும்

கொஞ்சம் நீளமான பதிவு. அறுபதைத் தாண்டியவர்களும், வீட்டில் அந்த வயதில் பெரியவர்கள் இருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

போன ஐப்பசி அடைமழையில் சிதம்பரத்தில் இருக்கும் என் அக்காவுக்குக் காய்ச்சல். சாதாரணச் சளி என்றுதான் இருந்தோம். நாலாம் நாள் மூச்சு வாங்கியது. பரிசோதனையில் ஃப்ளூ என்று வந்தது, கூடவே நிமோனியா. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்துவிட்டார். ஆனால் தினமும் விடியற்காலையில் நான்கு வீதியும் நடந்தவர், இன்று கழியை ஊன்றித்தான் வாசல் வரைக்கும் வருகிறார்.

இதில் என் பங்கும் உண்டு. ஆவணி மாதமே மருத்துவர் ஃப்ளூ ஊசி போடச் சொல்லியிருந்தார். அக்கா என்னைக் கேட்டார். "வயசானவங்களுக்கு அந்த ஊசி சரியா பிடிக்காதாம்க்கா, எதுக்கு வீண் செலவு?" என்று சொன்னவன் நான்தான். எங்கேயோ படித்த அரைகுறை. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன், என் அக்காவுக்குத் தப்புப் பாடம் நடத்திவிட்டேன். அதனால் இப்போது முழுதாகப் படித்தேன்.

கதை 1957 மே மாதம் தொடங்குகிறது. கடல் கடந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் பயணிகள் பலருக்குக் காய்ச்சல். அங்கிருந்து சில வாரங்களில் நாடு முழுக்கப் பரவியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அன்று இன்ஃப்ளூயன்ஸா ஆய்வு மையம் இயங்கியது. ஐ.ஜி.கே. மேனன் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய கணக்குப்படி, 1958 பிப்ரவரி வரை பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் 1,098 பேர்.

கடலூர், பரங்கிப்பேட்டை பக்கம் மலேயா, சிங்கப்பூர் போய்வந்த குடும்பங்கள் ஏராளம். அந்த வருடம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பாய் விரித்துப் படுத்திருந்தார்கள் என்று அம்மா சொல்வார். அக்காவுக்கு அப்போது நாலு வயது. கஞ்சியும் மிளகு ரசமும்தான் மருந்து. நான் பிறந்தது 1959-இல்.

ஏன் ஊரே படுத்தது? வந்தது புதுக் கிருமி. 1918-இல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற ஃப்ளூ, எச்1என்1 வகை. அதன் வழிவந்தவைதான் 1957 வரை உலவின. 1957-இல் வந்தது எச்2என்2. 1968-இல் அதுவும் போய், எச்3என்2 வந்தது. 1977-இல் எச்1என்1 திரும்பி வந்தது. 2009-இல் அதே வகையில் இன்னொரு புதுக் கிருமி வந்தது. பன்றிக் காய்ச்சல் என்று பயந்தோமே, அதுதான்.

நம் உடம்பு இதையெல்லாம் வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரி குறித்து வைக்கிறது. முதல் பக்கத்தில் எழுதிய பெயர்தான் அழுத்தமாக இருக்கும். சிறு வயதில் முதலில் சந்தித்த ஃப்ளூவை உடம்பு ஆயுளுக்கும் மறப்பதில்லை. பிறகு எந்த ஃப்ளூ வந்தாலும், எந்த ஊசி போட்டாலும், அந்தப் பழைய பெயரையே முதலில் கூப்பிடுகிறது. அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபிரான்சிஸ் 1960-இல் இதற்குக் கிறிஸ்தவர்கள் சொல்லும் 'ஜென்மப் பாவம்' என்ற சொல்லையே பெயராக வைத்தார்.

இதில் நன்மையும் உண்டு. 2009-இல் அறுபதைத் தாண்டியவர்களில் ஒரு பகுதியினருக்குப் புதுக் கிருமியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் முன்பே ரத்தத்தில் இருந்தது. சிறு வயதில் பார்த்த பழைய எச்1என்1 கொடுத்த கொடை அது. ஆனால் என் வயதுக்காரர்கள் பலரும் முதலில் சந்தித்திருக்கக்கூடிய எச்2என்2, 1968-க்குப் பிறகு மனிதர்களிடையே உலவவில்லை. எங்கள் முதல் பக்கத்தில் இருப்பது ஊரை விட்டே போன மாணவன் பெயர்!

இனி வயது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. டி செல்கள் எனும் வெள்ளையணுக்கள் பயிற்சி பெறும் பள்ளிக்கூடம் அது. பருவ வயதிலிருந்தே சுருங்கத் தொடங்கி, நம் வயதில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடுகிறது. புதுக் கிருமியைக் கற்றுக்கொள்ளும் புது மாணவர்கள் குறைந்துபோகிறார்கள். டி செல்களின் உதவி குறைவதால், பி செல்கள் உண்டாக்கும் எதிர்ப்பொருளும் குறைகிறது, சீக்கிரம் தேய்கிறது.

ஆக, "சரியா பிடிக்காது" என்று நான் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி இதுதான்: குறைவாகப் பிடிக்கும், ஆனால் பிடிக்கும். ஃப்ளூ அதிகம் கொல்வதும் நம் வயதினரைத்தான். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்போமா, பள்ளியை விட்டு அனுப்புவோமா?

விஞ்ஞானிகளும் கூடுதலாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1997-இல் இத்தாலியில் எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள் கலந்த ஊசி வந்தது. 2009-இல் அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று நான்கு மடங்கு மருந்து கொண்ட ஊசிக்கு அனுமதி கிடைத்தது. சுமார் 32,000 முதியவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானது. சாதாரண ஊசி போட்டவர்களைவிட இதைப் போட்டவர்களிடம் ஃப்ளூ 24 சதவீதம் குறைவு. சாதாரண ஊசியும் வீண் அல்ல. காய்ச்சல் வந்தாலும் அது ஆஸ்பத்திரி வரை போகும் வாய்ப்பைக் குறைக்கிறது.

கிருமி உருமாறுவதாலும், எதிர்ப்பொருள் தேய்வதாலும் வருடா வருடம் போட வேண்டும். டெல்லியில் ஃப்ளூ உச்சம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னை, வேலூரில் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர், நவம்பர். நமக்கும் அதே மழைதான். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். எனவே மழைக்கு முன்பே உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். என்னைப் போன்ற தம்பிகளைக் கேட்காதீர்கள்.

இந்தப் புரட்டாசியில் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய், அக்காவை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு, இருவரும் போட்டுக்கொண்டோம். வெளியே வந்ததும் அக்கா சிரித்தார். "பள்ளிக்கூடத்துல அம்மை குத்த வந்தப்ப கொல்லைப் பக்கமா ஓடினவன்தானடா நீ!"

ஆமாம் அக்கா. இந்தத் தடவை ஓடவில்லை.