நீரும் நோயும்: தி. சே. சௌ. ராஜனின் அமைச்சுப் பணியும் காவிரிப் படுகையும்

டாக்டர் தி. சே. சௌ. ராஜனின் (1880–1953) பெயர் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை ஒட்டியே வருகிறது. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் தொண்டர் படை புறப்பட்டது திருச்சிராப்பள்ளியில் அவருடைய வீட்டிலிருந்துதான் என்பதும், தஞ்சை ஆட்சியர் தார்னின் தடையையும் மீறி ஊர்மக்கள் மரக்கிளைகளில் சோற்று மூட்டைகளைக் கட்டி வைத்து அப்படைக்குப் பசியாற்றினார்கள் என்பதும் பலமுறை எழுதப்பட்டவை. ஆனால், 1937 ஜூலை முதல் 1939 அக்டோபர் வரை சென்னை மாகாணத்தின் பொதுச் சுகாதார அமைச்சராக அவர் ஆற்றிய பணி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அவ்விருபத்தேழு மாதப் பணியே அவருடைய பொதுவாழ்வின் நிலைத்த பயன் என்பது இக்கட்டுரையின் துணிபு.

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத்தில் பிறந்து, இராயபுரம் மருத்துவப் பள்ளியிலும் பின்னர் இங்கிலாந்திலும் பயின்று, திருச்சியில் மருத்துவமனை நடத்தியவர் ராஜன். அவர் அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இத்துறை முழுவதையும் தழுவி இந்தியாவில் இயற்றப்பட்ட முதற் சட்டமாகும். பொதுச் சுகாதாரம் என்பது நோய் கண்டபின் மருந்து கொடுப்பதன்று. குடிநீர், கழிவுநீர், உணவு, கொசு, திருவிழாக் கூட்டம் ஆகியவற்றைச் சீர்செய்து நோய் வரும் வழியையே அடைப்பதாகும். அரசு மானியம் நீங்கலான வருவாயில் நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாமல் நகராட்சிகளும், 12.5 பங்குக்குக் குறையாமல் ஜில்லா போர்டுகளும் இதற்கென ஒதுக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அதன் உயிர்நாடி இவ்விதியே; உள்ளாட்சியின் விருப்பமாக இருந்த சுகாதாரச் செலவு இதனால் கடமையாயிற்று.

அறநிலையத் துறையும் ராஜனிடமே இருந்தது. இது தற்செயலாக நேர்ந்திருக்கலாம். ஆயினும் கோயில்குளமும் ஆற்றுத்துறையும் ஊரின் வாழ்வோடு பிணைந்த டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான இணைப்பு இல்லை. கும்பகோணம் மகாமகம் போன்ற பெருங்கூட்டங்களில் ஒரே குளத்து நீர் இலட்சக்கணக்கானோர் மேல் படும்; அத்தகைய இடங்களில் வாந்திபேதி (காலரா) பரவும் அச்சம் எப்போதும் உண்டு. திருவிழாக்களுக்கெனச் சட்டத்தில் தனி அத்தியாயமே ஒதுக்கப்பட்டதன் தேவை இங்கே கண்கூடு.

சட்டத்தின் எல்லையும் இதே மண்ணில்தான் வெளிப்பட்டது. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டபின், மக்கள் புதாறு என்றழைக்கும் கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பகுதிக்கு நீர் கொண்டுவந்தது. நீரோடு மலேரியாவும் வந்தது. அங்கே ஆய்வு நடத்திய ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸலும் டி. ராமச்சந்திர ராவும், மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவினங்களுள் ஒன்று புதிதாக நடவான வயலில் முட்டையிடுவதையும், பயிர் ஓரடி உயரம் கடந்ததும் தாள்களின் நெருக்கத்தால் அங்கே முட்டையிட இயலாமல் போவதையும் கண்டனர். நாற்று முடிகளை வீசி நட்டு முடித்த வயலில், பயிருக்கும் பயிருக்கும் இடையே வெயில் பட்டு நிற்கும் விரற்கடை நீரே அக்கொசுவின் தொட்டில். வீட்டுத் தொட்டியிலும் சாக்கடையிலும் தேங்கிய நீருக்காக அதன் உடையவருக்கு இச்சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கலாம். நடவு வயலின் நீரை வடியச் சொன்னால் பயிரே இல்லாமற் போகும். நகராட்சியையும் ஜில்லா போர்டையும் கடமைக்கு உட்படுத்திய ஒரு சட்டத்தால், அவ்வயல்களுக்கு நீர் விட்ட, பொதுப்பணித் துறையின் கையில் இருந்த புதாற்று மதகுகளை எட்ட முடியவில்லை.