இராமன் நிறமாலையியல்: நீர்மப் பகுப்பாய்வில் உணர்திறன்

ஒரு நீர்மத்தினுள் ஒற்றைநிற ஒளியைச் செலுத்தி, அது சிதறும்போது அலைநீளம் மாறி வெளிப்படும் மிகச் சிறிய பகுதியை அளந்து, அந்நீர்மத்தில் உள்ள மூலக்கூறுகள் எவை, எந்த அளவில் உள்ளன என்று அறியும் முறை இராமன் நிறமாலையியல் வழிப் பகுப்பாய்வு எனப்படும். அணுப்பிணைப்புகள் தத்தமக்குரிய அதிர்வெண்ணில் அதிர்வதால், சிதறிய ஒளி அந்த அதிர்வுக்குரிய ஆற்றலை இழந்தோ பெற்றோ வெளிவருகிறது; பென்சீன் வளையம் விரிந்து சுருங்கும் அதிர்வு 992 செ.மீ⁻¹ என்னும் அலைஎண் விலக்கத்தில் கூர்மையான வரியாகத் தோன்றுவது இதற்கு எடுத்துக்காட்டு. அகச்சிவப்புக் கதிரைப் பெரிதும் உட்கவரும் நீர், இராமன் சிதறலை வலுவின்றியே தருவதால், நீர்க்கரைசல்களை ஆராய இம்முறை மிகவும் ஏற்றது. எனினும் கோடிக்கணக்கான ஃபோட்டான்களுள் ஒருசிலவே இவ்வாறு மாறிச் சிதறுவதால், உணர்திறன் குறைவு என்பது இதன் பிறவிக்குறையாக இருந்து வந்தது.

கடல்நீரின் நீலநிறம் நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுகிறது என்று 1921இல் காட்டிய சி. வி. இராமன், கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் நீர்மங்களின் சிதறலை முறையாக ஆராயத் தொடங்கினார். 1923இல் அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன், தூய்மையாக்கப்பட்ட நீரிலும் அலைநீளம் மாறிய மங்கிய ஒளி எஞ்சுவதைக் கண்டு, அதனை மாசுகளால் எழும் உடனொளிர்வு, அதாவது ஒளியை உட்கவர்ந்த பொருள் வேறு நிறத்தில் ஒளிரும் நிகழ்வு, என்று கருதினார். வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்துத் தூசு நீக்கிய நீர்மங்களிலும் அவ்வொளி மறையாததே மாசு என்னும் விளக்கத்தை வீழ்த்தியது.

1928 தொடக்கத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் இராமன் நிகழ்த்திய ஆய்வின் கருவிகள் வியப்பூட்டும் அளவுக்கு எளியவை. 18 செ.மீ. விட்டமும் 230 செ.மீ. குவியத் தொலைவும் கொண்ட தொலைநோக்கி வில்லையாலும், 5 செ.மீ. குவியத் தொலைவுள்ள மற்றொரு வில்லையாலும் சூரிய ஒளி குவிக்கப்பட்டது. இருளுக்குப் பழகிய மனிதக் கண்ணே உணர்கருவியாக இருந்தது. படும் ஒளியின் பாதையில் நீல ஊதா வடிகட்டியும், அது கடத்தும் ஒளியை முற்றிலும் தடுக்கக்கூடிய மஞ்சள் பச்சை வடிகட்டியும் ஒருங்கே வைக்கப்பட்டபோது எதுவும் தெரியவில்லை; இரண்டாவது வடிகட்டியை நீர்மத்துக்கும் கண்ணுக்கும் இடையே மாற்றி வைத்தபோதோ ஒளித்தடம் தெரிந்தது. ஆகவே நிறமாற்றம் நீர்மத்தினுள்ளேதான் நிகழ்ந்திருக்க வேண்டும். ஏறத்தாழ அறுபது நீர்மங்களில் இவ்விளைவு காணப்பட்டதாக இருவரும் நேச்சர் இதழுக்கு எழுதிய கடிதம் 1928 மார்ச் 31 அன்று வெளிவந்தது. அதற்கு முன்பே, பிப்ரவரி 28 அன்று, நிறமாலைகாட்டியின் வழியே பார்க்கையில், படும் ஒளியிலிருந்து இருண்ட இடைவெளியால் பிரிக்கப்பட்ட தனிப் பட்டையாக மாறிய ஒளி தென்பட்டிருந்தது. அதே காலத்தில் மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க்கும் மண்டெல்ஷ்டாமும் குவார்ட்சுப் படிகத்தில் இதனைக் கண்டபோதிலும், அவர்களது அறிக்கை பின்னரே வெளிவந்தமையால் முதன்மை கல்கத்தாவுக்கே உரியது. 1930இல் இராமனுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு: கண்டுபிடிப்பை இயல்வித்தது ஒளியின் பெருக்கம் மட்டுமன்று, வேண்டாத ஒளியை விலக்கிய திறமே ஆகும். பின்னர் வந்த கருவிகளும் இந்நெறியையே பின்பற்றின. சூரிய ஒளிக்குப் பதிலாக வந்த பாதரச வில்விளக்கின் 435.8 நானோமீட்டர் வரி கூர்மையான நிறமாலைகளைத் தந்தது. ஆயினும் ஒளிப்படத் தகட்டில் பதிய நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1940களில் ஒளிமின் பெருக்கிக் குழாய் தகட்டின் இடத்தைப் பிடித்தபோதிலும், எளிதாக இயங்கிய அகச்சிவப்புக் கருவிகளே ஆய்வகங்களில் முந்திக்கொண்டன.

1960இல் பிறந்த லேசர் நிலைமையை மாற்றியது. நுண்புள்ளியில் குவியும் அதன் கற்றையால் சில துளி நீர்மமே போதுமானதாயிற்று. சிதறல் வலிமை அதிர்வெண்ணின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் உயர்வதால் நீல, பச்சை லேசர்கள் நலம் பயப்பவை. ஆனால் அவை உடனொளிர்வையும் தூண்டி இராமன் வரிகளை மூழ்கடிக்கக்கூடியவை. ஆகவே மாசுள்ள மாதிரிகளுக்கு, சிதறல் குறைந்தாலும் 785 அல்லது 1064 நானோமீட்டர் லேசரே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

ஒளியும் நீர்மமும் உறவாடும் தொலைவை நீட்டுவது மற்றொரு வழியாகும். 1972இல் வால்ராஃபெனும் ஸ்டோனும் மெல்லிய கண்ணாடி இழைக் குழாயை நீர்மத்தால் நிரப்பி, முழு அக எதிரொளிப்பால் ஒளியை அதனுள்ளேயே நெடுந்தொலைவு செலுத்திச் சமிக்ஞையைப் பன்மடங்கு உயர்த்தினர். குழாய்ச்சுவரைவிட நீர்மத்தின் ஒளிவிலகல் எண் மிகுந்திருக்க வேண்டும் என்பதால், பென்சீனுக்கு இயன்ற இம்முறை நீருக்கு இயலவில்லை. நீரின் 1.33ஐவிடக் குறைந்த, ஏறத்தாழ 1.3 ஒளிவிலகல் எண்ணுடைய டெஃப்லான் ஏஎஃப் குழாய்கள் வந்த பிறகே அத்தடை நீங்கியது.

1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃப்ளைஷ்மான், ஹென்ட்ரா, மக்குயிலன் ஆகியோர் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையில் ஒட்டிய பிரிடின் என்னும் சேர்மத்திலிருந்து எதிர்பாராத வலிமையுடைய நிறமாலையைப் பெற்றனர். மூலக்கூறுகள் மிகுதியாக ஒட்டியதே காரணம் என்று முதலில் எண்ணப்பட்டது. ஒவ்வொரு மூலக்கூறின் சிதறலும் ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு வரை பெருகுகிறது என்பதை 1977இல் இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. உலோகப் பரப்பின் எலக்ட்ரான்கள் ஒளியுடன் ஒத்திசைந்து ஊசலாடி மின்புலத்தைச் செறிவாக்குவதே இப்பெருக்கத்தின் காரணமாகும். வெள்ளி நானோ துகள்கள் மிதக்கும் கூழ்மத்தைக் கரைசலுடன் கலந்தே இதனைப் பயன்படுத்தலாம். எனினும் துகள்கள் ஒன்றோடொன்று திரளும் விதத்தைப் பொறுத்து அளவீடு மாறுவதால், அளவறி பகுப்பாய்வுக்கு இது எளிதில் நம்பத்தக்கதன்று. 1997இல் இம்முறையால் தனி மூலக்கூறே கண்டறியப்பட்டது.

இன்று கையடக்கக் கருவிகள் மருந்துத் தொழிற்சாலைகளில் மூலப்பொருள்களைச் சரிபார்க்கவும், பெரிய கருவிகள் விமான நிலையங்களில் திறக்கப்படாத புட்டிகளில் உள்ள நீர்மங்களைச் சோதிக்கவும் பயன்படுகின்றன.