பீரங்கிக் காசும் பெயரில்லாப் பதக்கமும்



பழைய நாணயம் சேர்ப்போரிடம் ஒரு வழக்கம் உண்டு. பொன் முதலில், வெள்ளி அடுத்து, செம்பும் பித்தளையும் கடைசியில் என்று அவர்கள் தம் பெட்டிகளை ஒழுங்குபடுத்துவர். அயர்லாந்து நாட்டு நாணயங்களைச் சேர்க்கப் புகுவோர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கிக்கொள்வதே நலம் என்பது என் கருத்து. அந்நாட்டு வரலாற்றின் நெஞ்சை உருக்கும் பகுதிகள் மட்டமான உலோகத்திலேயே பொறிக்கப்பட்டுக் கிடக்கின்றன.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் முதன்முதல் நாணயம் அடித்தவர் ஐரிய இனத்து மன்னர் அல்லர். டப்ளின் நகரை ஆண்ட வைக்கிங் வழித்தோன்றலாகிய சித்திரிக் என்பவர், பத்தாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், இங்கிலாந்து மன்னர் எதல்ரெட்டின் வெள்ளிப் பென்னியைப் பார்த்துத் தாமும் ஒன்று அடிப்பித்தார். பின்னர் இங்கிலாந்து அரசர்கள் அத்தீவின்மீது ஆதிக்கம் செலுத்தத் தொடங்கியபின் அவர்கள் பெயரால் நாணயங்கள் வந்தன. எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1534 ஆம் ஆண்டளவில், அயர்லாந்தின் சின்னமாகிய யாழ் முதன்முறையாக நாணயத்தில் இடம்பெற்றது. அந்த யாழின் இருபுறமும் இரண்டு எழுத்துகள் உண்டு. ஒன்று மன்னர் பெயரின் முதலெழுத்து. மற்றது அரசியின் பெயரின் முதலெழுத்து. முதலில் ஆன் பொலின். அவர் 1536 இல் வெட்டுண்டார். அடுத்து ஜேன் சீமோர்; அவர் 1537 இல் மகப்பேற்றின்பின் இறந்தார். மூன்றாமவர் கதரின் ஹோவார்ட். அவர் 1542 இல் வெட்டுண்டார். அதன்பின் அரசியின் எழுத்து இருந்த இடத்தில் மன்னரைக் குறிக்கும் எழுத்தே வந்தது. அக்கசாலைத் தொழிலாளர் பாவம், எத்தனை தடவைதான் அச்சை மாற்றுவர்!

இனி, நான் கூற எண்ணிய செய்திக்கு வருகிறேன்.

1688 இல் இங்கிலாந்தின் அரியணையை இழந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னர், பிரான்சு நாட்டுப் பதினான்காம் லூயியின் துணையுடன் 1689 மார்ச் மாதம் அயர்லாந்தில் வந்திறங்கினார். படை இருந்தது, படைக்குக் கொடுக்கப் பணம் இல்லை. வெள்ளியும் இல்லை. ஆகவே அவ்வாண்டு யூன் மாதத்தில் ஓர் ஆணை பிறந்தது. பழைய பீரங்கிகள், உடைந்த மணிகள், சமையற் பாத்திரங்கள், பழைய பித்தளைச் சாமான்கள் ஆகியன திரட்டி உருக்கப்பட்டன. டப்ளினில் கேப்பல் வீதியிலும், பின்னர் லிமெரிக் நகரிலும் அக்கசாலைகள் இயங்கின. அரைச் சிலிங், ஒரு சிலிங், இரண்டரைச் சிலிங் எனக் காசுகள் வெளிவந்தன. உள்ளே இருந்த உலோகத்தின் விலை மிகச் சொற்பம். மேலே பொறித்த மதிப்போ வெள்ளி நாணயத்தின் மதிப்பு. இவற்றைப் பீரங்கிக் காசு என்று பிற்காலத்தார் அழைத்தனர்.

இக்காசுகளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஆண்டுடன் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். போர் முடிந்து மன்னர் மீண்டும் அரியணை ஏறியபின், எந்த மாதத்துக் காசை எப்போது நல்ல வெள்ளியாக மாற்றிக் கொடுப்பது என்று ஒழுங்கு செய்வதற்காகவே மாதம் இடப்பட்டது என்பர். அதாவது ஒவ்வொரு காசும் ஒரு கடன் பத்திரம். படைவீரனும், அவனுக்கு ரொட்டி விற்ற கடைக்காரனும், கடைக்காரனுக்கு மாவு கொடுத்த உழவனும் அப்பத்திரத்தைக் கையில் வாங்கினர். விரும்பி வாங்கியவர் எத்தனை பேர், மறுத்தால் தண்டனை என்று அஞ்சி வாங்கியவர் எத்தனை பேர் என்பதைக் காசு சொல்லாது.

மாதத்தைப் படிப்பதே சேகரிப்போருக்கு ஒரு பயிற்சியாகும். செத்தெம்பர் மாதத்தைச் சில காசுகளில் ஏழு என்ற எண்ணாலும், ஒற்றோபரை எட்டாலும், நவம்பரை ஒன்பதாலும், திசெம்பரைப் பத்தாலும் குறித்திருப்பர். அம்மாதப் பெயர்களின் இலத்தீன் வேரில் அவ்வெண்களே உள்ளன. இதனினும் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. அக்காலத்து இங்கிலாந்துக் கணக்கின்படி புத்தாண்டு மார்ச் 25 ஆம் தேதியே பிறந்தது. ஆதலின் 1689 திசெம்பருக்குப் பின் வந்த சனவரியும் பெப்ரவரியும் 1689 என்றே பொறிக்கப்பட்டன. மார்ச் மாதத்துக்கோ இரண்டு ஆண்டுகள்! 1689 மார்ச் என்றும் 1690 மார்ச் என்றும் இரு வகைக் காசுகள் கிடைக்கும். இரண்டும் ஒரே மாதத்தைக் குறிப்பன. இதனை அறியாத ஒருவர், சனவரிக் காசைக் கண்டு, மன்னர் வந்திறங்குமுன்னரே காசு அடிக்கப்பட்டதோ என்று மயங்க இடமுண்டு. பழங்காலத்துத் தேதிகளை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல பாடக்கருவி கிடைப்பது அரிது.

1690 ஆம் ஆண்டு வேனிலில் பித்தளையும் முட்டுப்பட்டது. காசுகளின் அளவைச் சுருக்கினர். முன்பு அடித்த பெரிய இரண்டரைச் சிலிங் காசுகளைத் திரும்பப் பெற்று, அவற்றின்மீதே குதிரைமேல் மன்னர் அமர்ந்த புதிய அச்சை அடித்து, ஐந்து சிலிங் என்று வெளியிட்டனர். அதே உலோகம், மதிப்பு மட்டும் இருமடங்கு! நல்ல நிலையிலுள்ள ஐந்து சிலிங் காசைச் சாய்த்து வெளிச்சத்திற் பிடித்தால், குதிரையின் கால்களுக்கிடையே பழைய அச்சின் எழுத்துகள் மங்கலாய்த் தெரிவதுண்டு. வறுமையின் வரலாறு அந்த ஓர் அங்குலத்தில் இரண்டு அடுக்காய் இருக்கிறது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் பித்தளை என்றால் புளியிட்டு விளக்குவது வழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. பழங்காசுக்கு அது நஞ்சு. புளியும் சாம்பலும் பட்டால் மேலே படிந்த நிறமும், கீழே மறைந்திருந்த பழைய அச்சும் ஒருங்கே போய்விடும். பளபளக்கும் பீரங்கிக் காசை அறிந்தவர் எவரும் விலை கொடுத்து வாங்கார்.

அவ்வாண்டு யூலை முதலாம் தேதி, போயின் ஆற்றங்கரையில் ஒறேஞ்சு வில்லியத்திடம் ஜேம்ஸ் தோற்றார். சில நாட்களுக்குள் அவர் பிரான்சுக்குக் கப்பலேறினார். வென்றவர் டப்ளினுக்குள் புகுந்ததும் பீரங்கிக் காசின் மதிப்பை அதன் உலோக மதிப்புக்கு இறக்கினார். முப்பது பென்ஸ் பெறும் என்று வாங்கிய பெரிய இரண்டரைச் சிலிங் காசு ஒரு பென்னி ஆயிற்று. அறுபது பென்ஸ் பெறும் என்ற குதிரைக் காசும் அதே ஒரு பென்னிதான். அடுத்த ஆண்டில் அந்த மதிப்பும் போயிற்று. ஜேம்ஸின் ஆட்கள் தொடர்ந்து காத்துநின்ற லிமெரிக்கில், 1691 இல் சிலிங் காசுகளின்மீது மறுபடியும் அச்சடித்து, அரைப் பென்னியாக வெளியிட்டனர். வாக்குக் கொடுத்த தரப்பே, பன்னிரண்டு பென்ஸ் என்று தான் கொடுத்த காசை இருபத்துநான்கில் ஒரு பங்காக்கிக்கொண்டது. திருப்பிக் கொடுக்கும் மாதம் எதுவும் வரவேயில்லை.

இதற்கு முப்பதாண்டுகளின்பின் நடந்ததை இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். 1722 இல் வில்லியம் வூட் என்ற இங்கிலாந்து வணிகர், அயர்லாந்துக்கென 360 தொன் செம்பில் அரைப் பென்னியும் காற் பென்னியும் அடிக்க உரிமை பெற்றார். அவ்வுரிமை முதலில் அரசரின் காதலியான கெண்டால் சீமாட்டியின் கையில் இருந்தது. வூட் அதை அவரிடம் 10,000 பவுண் கொடுத்து வாங்கினார். அயர்லாந்துப் பாராளுமன்றத்தை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. டப்ளின் பேராலயத்தின் தலைமைக் குருவாகிய யோனதன் சுவிப்ட், ஒரு துணிவணிகர் எழுதுவதுபோலப் புனைபெயரில் 1724 இல் கடிதங்களை அச்சிட்டு வெளியிட்டார். இக்காசை எவரும் தொடலாகாது என்பது அவற்றின் சாரம். எழுதியவரைக் காட்டிக்கொடுப்போர்க்கு அரசு 300 பவுண் பரிசு அறிவித்தது. எழுதியவர் யார் என்பதை டப்ளினில் அறியாதார் இலர். ஆயினும் பரிசைப் பெற ஒருவரும் முன்வரவில்லை. 1725 இல் வூட்டின் உரிமை மீளப் பெறப்பட்டது.

இதில் வியப்பு யாதெனில், வூட்டின் காசு கெட்ட காசு அன்று. அரச அக்கசாலையின் தலைவராயிருந்த ஐசாக் நியூற்றன் அதனைச் சோதித்து, நிறையும் செம்பும் ஒப்பந்தப்படியே உள்ளன என்று அறிக்கை கொடுத்தார். சுவிப்ட் அச்சோதனையையே எள்ளி நகையாடினார். இரண்டு காசுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வூட்டின் காசு அழகிய வேலைப்பாடுடையது. ஜேம்ஸின் காசுக்கு அதன் பக்கத்தில் நிற்கத் தகுதியில்லை என்றே எவரும் கூறுவர். மட்டமான உலோகத்தை ஏற்றுக்கொண்ட தலைமுறை முப்பதுக்கு ஒன்று என்று இழந்தது. நல்ல உலோகத்தை மறுத்த தலைமுறை வென்றது. 1724 இல் டப்ளின் கடைகளில் இருந்த முதியோர் பலர், தம் இளமையில் பீரங்கிக் காசைக் கையில் வாங்கியவர்களாய் இருந்திருப்பர். தம்மைக் கேளாமல் வரும் காசு எங்கே போய் முடியும் என்று அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. மறுக்கப்பட்ட வூட்டின் காசுகளில் ஒரு பகுதி அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்குச் சென்றது. அதனால் இன்று அவற்றை அமெரிக்கச் சேகரிப்போரும் தம்முடையவை எனத் தேடுகின்றனர்.

1826 இல் அயர்லாந்தின் தனிப் பணம் இங்கிலாந்தின் பணத்துடன் கலந்தது. பின் ஒரு நூற்றாண்டுக்கு அந்நாட்டுக்கெனக் காசு இல்லை. விடுதலை பெற்ற அரசு 1926 இல் ஒரு குழுவை அமைத்துக் கவிஞர் யேற்ஸை அதன் தலைவராக்கியது. தலைவர் ஒருவர் முகமும் வேண்டா, ஒருபுறம் யாழ், மறுபுறம் நாட்டின் உயிரினங்கள் என்று முடிவாயிற்று. பேர்சி மெற்காஃப் என்ற ஆங்கிலச் சிற்பியின் வடிவங்கள் தெரிவாயின. 1928 இல் குதிரையும், சல்மன் மீனும், காளையும், வேட்டைநாயும், முயலும், குஞ்சுகளோடு கோழியும், குட்டிகளோடு பன்றியும் மக்கள் கைக்கு வந்தன. அழகிற் சிறந்த காசுகள். ஆனால் அவையும் எளிதில் வந்துவிடவில்லை. வேளாண்மை அறிந்த அதிகாரிகள், காளையின் உடலமைப்பும் பன்றியின் கன்னமும் சந்தைக்கு ஏற்றனவாய் இல்லையென்று கூறித் திருத்தம் கேட்டனர். முதலில் வரைந்த காளையின் வீறு போயிற்றே என்று யேற்ஸ் வருந்தினார். சமயச் சின்னம் இல்லையே என்று கடிந்தோரும் உண்டு.

இந்த மெற்காஃப் நமக்கு அந்நியர் அல்லர். ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து இலங்கைச் சதக் காசுகளில் உள்ள முடிசூடிய தலையைச் செதுக்கியவரும் அவரே. பாட்டியின் தகரப் பெட்டியில் அக்காசு ஒன்று கிடைத்தால், அந்தக் குதிரையையும் காளையையும் செய்த கையே இதையும் செய்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். 2002 இல் யூரோ வந்தபோது விலங்குகள் யாவும் மறைந்தன. யாழ் மட்டும் எஞ்சியது.

பதக்கத்துக்கும் நாணயத்துக்கும் வேறுபாடு பெரிது. நாணயம் கைமாறுவதற்கென்றே பிறந்தது. பதக்கம் ஒருவரிடமே தங்குதற்கு உரியது. அயர்லாந்தில் அறிஞர் கழகங்கள் அளித்த அழகிய பதக்கங்கள் பல உண்டு. டப்ளினில் வாழ்ந்த வில்லியம் மொசொப் என்ற கலைஞர் அவற்றிற் சிறந்தவற்றைச் செதுக்கினார். ஆயினும் நான் கூற விரும்புவது மிகவும் மலிவான ஒரு பதக்கத்தைப் பற்றியே. 1838 இல் கோர்க் நகரில் கப்புச்சின் சபைத் துறவியாகிய தியோபோல்ட் மத்தியூ அடிகளார் மதுவிலக்கு இயக்கத்தைத் தொடங்கினார். இனிக் குடிப்பதில்லை என்று உறுதி எடுத்தவர்க்கு ஓர் அட்டையும், வெள்ளீயம் போன்ற உலோகத்திற் செய்த ஒரு பதக்கமும் அளிக்கப்பட்டன. உறுதியெடுத்தோர் தொகை இலட்சங்களைக் கடந்தது. பதக்கத்துக்கு ஒரு சிறு தொகை குறிக்கப்பட்டிருந்தது. ஏழைகளிடம் அதனைக் கேட்க அடிகளாருக்கு மனம் வரவில்லை, இலவசமாகவே கொடுத்தார். கடன் மலைபோல் ஏறிற்று. டப்ளினில் ஒருமுறை, கூட்டத்திலிருந்த ஒருவன் முழந்தாளிட்டு ஆசி பெற்று எழுந்து, பதக்கக் கடனுக்கான கைதாணையை அவர் கையிற் கொடுத்தான் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். இப்பதக்கங்கள் இன்றும் மலிவாய்க் கிடைக்கின்றன. பலவற்றிலே துளையிட்டுக் கழுத்தில் அணிந்த தேய்வு காணப்படும். தேயாத பதக்கத்தினும் தேய்ந்ததையே நான் தெரிந்தெடுப்பேன்.

ஐரியக் குடியரசுப் போராட்டப் பதக்கங்களைச் சேர்ப்போருக்கு வேறொரு சிக்கல். 1916 உயிர்த்தெழுதல் வாரக் கிளர்ச்சியிற் பங்குகொண்டோர்க்கு, இருபத்தைந்து ஆண்டுகள் சென்று, 1941 இல் வெண்கலப் பதக்கம் அளிக்கப்பட்டது. நடுவில் பழங்கதை வீரன் கூகுலன் இறக்கும் காட்சி; பச்சையும் செம்மஞ்சளுமான நாடா. கிளர்ச்சியில் இறந்தோருக்குரிய பதக்கங்களின் பின்புறத்தில் பெயர் பொறித்துக் குடும்பத்தாரிடம் கொடுத்தனர். உயிரோடிருந்து பெற்றோரின் பதக்கங்களில் பெயர் இல்லை. வெற்றுப் பின்புறத்தில் பிற்காலத்திற் பெயர் வெட்டி விலையேற்றுவோரும் இருக்கின்றனர். 2014 முதல் அந்நாட்டு இராணுவ ஆவணக்காப்பகம், போராளிகளின் ஓய்வூதியக் கோவைகளைப் பகுதி பகுதியாக இணையத்தில் எவரும் பார்க்கும்படி வெளியிட்டு வருகிறது. எந்தத் தெருவில் நின்றார், யார் சாட்சி சொன்னார், ஓய்வூதியம் ஏன் மறுக்கப்பட்டது என்பன எல்லாம் அங்கே உள்ளன. ஆதலால் பதக்கத்தை வாங்குவோர் அதனோடு வந்த சிறு பெட்டியையும், கடித உறையையும், குடும்பத்தார் எழுதிவைத்த துண்டுக் கடதாசியையும் சேர்த்தே கேட்டு வாங்குதல் வேண்டும். விற்பவர் பெரும்பாலும் அக்கடதாசியை முதலிற் குப்பையில் எறிந்துவிடுகிறார். அதன்பின் அந்த வெண்கலத்துண்டு எவர் மார்பில் இருந்தது என்பதைக் கண்டறிய எந்தக் கோவையைத் திறப்பது?